தப்பானால் மூடக்கூடிய இடம்

எங்கள் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், குடிநீர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலையைச் செய்துவருகிறார். சாலையில் சாக்பீஸால் வட்டம் போடுவது. பூமிக்கு அடியில் எங்கேயோ குழாய் உடைந்து தண்ணீர் மேலே வரும். எங்கே உடைந்திருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அத்தான் வந்து வட்டம் போடுவார். போட்ட இடத்தில் தோண்டுவார்கள். இதற்கு ஒரு சம்பளமா என்று எனக்குத் தோன்றியதுண்டு. அதே அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, போனை எடுத்து, "பதிவு பண்ணிட்டோம்" என்று சொல்வதற்கு எனக்கும் ஒரு சம்பளம் தருகிறார்கள் என்பதால் சத்தமாகக் கேட்டதில்லை.

தண்ணீர் வருகிற இடத்திலேயே தோண்டினால் என்ன என்று புதிதாக வருகிற இஞ்சினியர்கள் எல்லோரும் கேட்பார்கள். முதல் மாதம் அப்படியே தோண்டியும் பார்ப்பார்கள். தண்ணீர் ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு, மண்ணுக்குள்ளேயே நாற்பது அடி நடந்து போய், எங்கே தார் மெலிந்திருக்கிறதோ அங்கே தலையை நீட்டும். தலை தெரிகிற இடத்தில் தோண்டினால் சேறுதான் கிடைக்கும். இரண்டாவது மாதம் அவர்களும் அத்தானைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

குழாய்கள் எந்த வழியாகப் போகின்றன என்பதற்கு ஒரு வரைபடம் இருந்தது. அலுவலகம் பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, ஜன்னல் கண்ணாடிகள் உடையாமல் போய்ச் சேர வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் பெரிய பெரிய காகிதங்களாகப் பார்த்து எடுத்துச் சுற்றி அனுப்பினான். கண்ணாடிகள் கீறலில்லாமல் வந்து சேர்ந்தன. காகிதங்களைக் கூட்டிப் பெருக்கிவிட்டார்கள். பிறகு ஓய்வு பெற்றுப் போயிருந்த மூன்று பேரை அழைத்து வந்து, நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். மூன்று வரைபடங்கள் கிடைத்தன. ஒன்றில் மெயின் லைன் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போகிறது. இன்னொன்றில் பின்னால் போகிறது. மூன்றாவதில் பள்ளிக்கூடமே இல்லை. மூன்றையும் சட்டம் போட்டு இஞ்சினியர் அறையில் மாட்டியிருக்கிறார்கள்.

அத்தானிடம் ஆளுயர இரும்புத் தடி ஒன்று உண்டு. ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சைக்கிளில் போகிறவன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். நாலு எட்டு நடப்பார், மறுபடி ஊன்றுவார். கடைசியில் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, குனிந்து, ஒரே இழுப்பில் ஒரு வட்டம். நான் பார்த்தவரை வட்டம் மட்டும் ஒருநாளும் கோணியதில்லை. அலுவலகத்தில் அவருக்கு 'வட்டம்' என்றே பெயர். வட்டம் வந்தாச்சா, வட்டத்துக்கு டீ சொல்லு என்பார்கள்.

ஒரு வருடம், வேலையில்லாத மதியங்களில், நான் புகார்ப் புத்தகத்தையும் வேலை முடிந்த புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த வருடம் நூற்று எண்பத்தாறு உடைப்பு. முதல் குழியிலேயே உடைப்பு அகப்பட்டது அறுபத்தொன்றில். அதாவது மூன்றுக்கு ஒன்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால்கூட இதைவிட ஒழுங்காக விழும். அந்த அறுபத்தொன்றிலும் ஒன்று அவருடையது அல்ல. பெண் குழந்தைகள் நொண்டியாட சாலையில் வட்டம் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அத்தான் வருவதற்குள் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, வட்டம்தான் முன்னாலேயே வந்து போட்டுவிட்டுப் போய்விட்டார் போல என்று மூன்றடி தோண்டினார்கள். உடைப்பு கையில் வந்தது. அந்த வருடத்திலேயே சீக்கிரம் முடிந்த வேலை அதுதான். "நான் போடலை சார்" என்று அத்தான் இஞ்சினியரிடம் மூன்று முறை சொன்னார். இஞ்சினியர் அவருடைய தன்னடக்கத்தைப் பாராட்டி மேலிடத்துக்கு எழுதினார்.

இதையெல்லாம் வைத்து நான் அவரைக் கிண்டல் செய்வதுண்டு. மைத்துனனுக்கு அந்த உரிமைகூட இல்லாவிட்டால் அக்காவைக் கட்டிக்கொடுத்து என்ன பயன்.

ஒருமுறை அவர் காய்ச்சலில் ஒன்பது நாள் படுத்துவிட்டார். இரண்டாவது நாள் பெரிய சாலையில் உடைப்பு. இஞ்சினியர் மூன்று வரைபடங்களையும் இறக்கி மேஜையில் பரப்பினார். ஒரு கூட்டம் போட்டார். மறுநாள் மேலதிகாரியை வைத்து இன்னொரு கூட்டம் போட்டார். எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. ஆனால் சாக்பீஸை நீட்டியபோது எல்லோருக்கும் கையில் வேறு ஏதோ வேலை இருந்தது. தப்பான இடத்தில் நல்ல சாலையை உடைத்தவன் என்று யார் பெயர் எழுதப்படும் என்பதுதான் விஷயம். ஒரு வாரம் தண்ணீர் ஓடியது. ஓரத்தில் புல்கூட முளைத்தது. பத்தாம் நாள் அத்தான் கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். நாலு நிமிடத்தில் வட்டம் போட்டார். தப்பு. பத்தடி தள்ளி இன்னொன்று போட்டார். அதில் அகப்பட்டது. மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. முதல் குழிக்கு இஞ்சினியர் அவரைத் திட்டினார். அத்தான், "ஆமா சார்" என்று கேட்டுக்கொண்டார்.

அன்று டீக்கடையில் நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அத்தான், உண்மையைச் சொல்லுங்க. அந்தத் தடியில என்னதான் கேக்குது?"

"பஸ் போற சத்தம் கேக்கும்" என்றார். "பஸ் போகலேன்னா லாரி."

"தண்ணி?"

"ஆரம்பத்துல ஒரு தடவை கேட்ட மாதிரி இருந்துச்சு. பக்கத்துல ஒரு வீட்டுல குளிச்சிட்டு இருந்தாங்க."

"அப்புறம் எதை வச்சுத்தான் வட்டம் போடுறீங்க?"

அவர் டீயை ஆற்றினார். இதை இதுவரை யாரும் கேட்டதில்லை என்று தெரிந்தது. "எங்க உடைஞ்சிருக்குன்னு நான் பார்க்குறதில்லை மச்சான். அது எனக்கு எப்படித் தெரியும்? தப்பாப் போனா எங்க சுலபமா மூடலாம்னு பார்ப்பேன். கடை வாசலா இருக்கக் கூடாது. புதுசாத் தார் போட்ட இடமா இருக்கக் கூடாது. தோண்டுறவனுக்குக் கொஞ்சம் நிழல் வேணும். லாரி பின்னால வந்து மண்ணைக் கொட்டத் தோதா இருக்கணும். அந்த மாதிரி ஒரு இடமாப் பார்த்துப் போட்டுருவேன். கிடைச்சா கிடைச்சுது. கிடைக்கலேன்னா மூடிட்டு அடுத்தது."

"அவ்வளவுதானா?"

"ஒரு குழி தோண்டினா ஏதாவது தெரியும்ல. ஈரம் எந்தப் பக்கம்னு காட்டும். தோண்டாம இருந்தா அதுவும் தெரியாது" என்றார்.

நான் இதை அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் நம்பவில்லை. தொழில் ரகசியத்தை மைத்துனனிடம்கூடச் சொல்லாமல் மறைக்கிறார் என்று அவருக்கு மதிப்பு கூடிவிட்டது.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். நடுவில் ஒரு கண்ணாடி அறை, மேஜை, மைக், மின்விசிறி. "மூன்றாவது மேடையிலிருந்து ஐந்து நாற்பதுக்குப் புறப்பட வேண்டிய பேருந்து பதினைந்து நிமிடம் தாமதமாகப் புறப்படும்" என்று அவள் சொன்னால், தாமதமாவது நமக்கு நல்லதற்குத்தான் என்று பயணிகள் உட்கார்ந்துவிடுவார்கள். அதே குரலில், "நான்காவது மேடையில் வண்டியை நிறுத்திவிட்டு வெற்றிலை போடப் போன ஓட்டுநர் உடனே திரும்பவும்" என்று சொன்னால் ஓட்டுநர் ஓடிவருவார். வீட்டிலும் அந்தக் குரல்தான். சின்ன வயதில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டால் அடுத்த தெருப் பிள்ளைகளும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். அக்காவுக்கு நகை கிடையாது, சொத்து கிடையாது. பெருமைப்பட்டுக்கொள்ள அந்தக் குரல் ஒன்றுதான் இருந்தது. அதில் அவள் வஞ்சனையில்லாமல் பெருமைப்பட்டாள்.

போன வருடம் அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. ஊசியால் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அறிக்கையில் இரண்டு பக்கம் எழுதி, கடைசியில், 'தீர்மானமாகச் சொல்ல இயலவில்லை' என்று முடித்திருந்தார்கள். மறுபடி ஊசி, மறுபடி அறிக்கை. தேதி மட்டும் மாறியிருந்தது.

டாக்டர் நல்ல மனிதர். அத்தானையும் அக்காவையும் என்னையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். "இந்த மாதிரி கட்டி நூறு பேருக்கு வந்தா, இருபது பேருக்குக் கெட்டதா இருக்கும். நீங்க அந்த இருபதுல ஒருத்தரா, எண்பதுல ஒருத்தரா, அது எனக்குத் தெரியாது. எடுத்துப் பார்த்தாதான் தெரியும்."

"எடுத்துரலாமே சார்" என்றார் அத்தான்.

"எடுக்கலாம். ஆனா குரலுக்குப் போற நரம்பு அதை ஒட்டித்தான் போகுது. அதுல அடி பட்டா குரல் போகலாம். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. இவங்களுக்கு ஆகுமா ஆகாதான்னு உள்ள போனாதான் தெரியும்."

"எடுக்காம விட்டா?"

"ஆறு மாசம் பார்க்கலாம். நல்ல கட்டியா இருந்தா அது பாட்டுக்கு இருக்கும். கெட்டதா இருந்தா அதுக்குள்ள பரவியிருக்கலாம்."

"நீங்களா இருந்தா என்ன சார் செய்வீங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குக் குரல் போனா மருந்துச் சீட்டு எழுதிப் பிழைச்சுக்குவேன். நீங்க வீட்டுல கலந்து பேசி, பத்து நாள்ல சொல்லுங்க" என்றார். மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீட்டில் கலந்து பேசினோம். கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் அக்கா மகள் போனில், "நீங்க எது சொன்னாலும் எனக்குச் சரிப்பா" என்று அழுதாள். சித்தி, அதாவது எங்கள் அம்மாவின் தங்கை, நேரிலேயே வந்தார். சித்திக்கு ஒரு திறமை உண்டு. எதையும் நடப்பதற்கு முன்னால் சொல்ல மாட்டார். நடந்த பிறகு, அப்போதே சொன்னதாகச் சொல்வார். அன்றைக்கு, "அறுத்தவங்களும் நல்லா இருக்காங்க, அறுக்காம விட்டவங்களும் நல்லா இருக்காங்க. போய்ச் சேர்ந்தவங்களும் ரெண்டு பக்கமும் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு டீ குடித்துவிட்டுப் போனார். அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். ஊருக்கெல்லாம் இடம் காட்டுகிற மனிதர். அவர் அறிக்கையை எடுத்து எடுத்துப் படித்தார். மடித்து வைப்பார், மறுபடி எடுப்பார். மூன்றாம் நாள் காகிதம் மடிப்பில் கிழிந்தது. ஒட்டுத்தாள் போட்டு ஒட்டினார்.

ஐந்தாம் நாள் தோண்டுகிற ஆட்களின் மேஸ்திரி எனக்குப் போன் செய்தார். "வட்டம் முக்கால் மணி நேரமா நிக்குறார். போடுறார், காலால அழிக்கிறார். மறுபடி போடுறார், அழிக்கிறார். ஆளுங்க உட்கார்ந்துட்டாங்க. நீங்க கொஞ்சம் வாங்க."

பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கச் சாலை. நான் போனபோது அத்தான் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றார். தரையெல்லாம் வெள்ளைத் தீற்றல். நான் அவரை ஓரமாக இழுத்து வந்தேன்.

"மச்சான், ரெண்டு குழியும் மூடாதுடா" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. சாலையைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"நானும் எல்லாப் பக்கமும் பார்த்துட்டேன். அறுத்துக் குரல் போச்சுன்னா அதைத் திருப்பி வைக்க முடியாது. அறுக்காம விட்டு அது கெட்டதா இருந்தா, போன ஆறு மாசத்தைத் திருப்ப முடியாது. தப்பானா மூடுற மாதிரி ஒரு இடமும் இல்லையே. நான் எங்கேன்னு போடுறது?" அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லு. தப்பா இருந்தாலும் பரவாயில்லை. ஏதாவது ஒண்ணு சொல்லு."

"நான் என்னத்தைச் சொல்றது அத்தான்? அக்காவும் நீங்களுமாப் பார்த்து ஒரு முடிவு எடுங்க" என்றேன். சொல்லி, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்த எண்ணம்தான். வேறொன்றுமில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போய், பார்க்காமலே ஒரு வட்டத்தைப் போட்டார். அன்றைக்கு மூன்று குழி தோண்டினார்கள்.

மறுநாள் மாலை அக்காவிடமிருந்து போன் வந்தது. வந்து பார்த்துவிட்டுப் போ என்றாள். பேருந்து நிலையத்துக்குப் போனேன். கண்ணாடி அறையில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். இரண்டு அறிவிப்புக்கு நடுவில் பேசிக்கொண்டோம்.

"உங்க அத்தான் தூங்கி நாலு நாளாச்சு" என்றாள். "என்கிட்ட வந்து ஒண்ணு சொல்றார், அஞ்சு நிமிஷத்துல அதை வாபஸ் வாங்குறார். நேத்து அறுக்கலாம்னார். பல்லு விளக்கிட்டு வந்து வேண்டாம்னார்." மைக்கைத் திறந்தாள். "முதல் மேடையில் நிற்கும் பேருந்து இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும். பயணிகள் இடத்துக்குச் சண்டை போட வேண்டாம், பின்னால் இன்னொரு வண்டி காலியாக வருகிறது." மைக்கை மூடினாள். "நீ என்னடா நினைக்கிற?"

"எதைக்கா?"

"எதையா? கழுத்தைத்தான்."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஓர் இறக்கையில் தூசு அதிகம் இருந்தது. "உன் இஷ்டம்தான் அக்கா. உன் உடம்பு" என்றேன். பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாகக்கூட எனக்கு அப்போது தோன்றியது.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி, நீ கிளம்பு. அந்த ரெண்டாவது வண்டியில ஏறு, உட்கார இடம் இருக்கும்" என்றாள். உட்கார்ந்துதான் வந்தேன்.

எட்டாம் நாள் காலை நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அத்தான் சாப்பிடாமல் தட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அக்கா வேலைக்குப் போகும் புடவையில் வந்து நின்றாள்.

"ஏங்க, நான் அறுத்துக்கறேன். டாக்டருக்கு நானே போன் பண்ணிட்டேன். வியாழக்கிழமை வரச் சொல்லிட்டார்" என்றாள்.

அத்தான் எழுந்துவிட்டார். "யாரைக் கேட்டு? எதை வச்சு முடிவு பண்ணின?"

"எதையும் வச்சு இல்லை. வைக்கிறதுக்கு என்ன இருக்கு? தப்பாப் போனா எதை என்னால தாங்க முடியும்னு யோசிச்சேன். குரல் போனா எனக்குக் கோபம் வரும். விட்டு வச்சா தினமும் பயம் வரும். கோபத்தோட இருந்து எனக்குப் பழக்கம். கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தானே இருக்கேன். பயத்தோட எனக்கு இருக்கத் தெரியாது."

அத்தான் வாயைத் திறந்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னொண்ணு. இது நான் போட்ட வட்டம். தப்பாப் போனா என்னைத் திட்டுங்க. உங்களைத் திட்டிக்கிட்டு மூலையில உட்காரக் கூடாது. ஊர்ல இருக்கிற குழிக்கெல்லாம் நீங்க திட்டு வாங்குனது போதும்." பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அத்தான் உட்கார்ந்து தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அதை அவர் துடைக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சம்மதக் காகிதம் தந்தார்கள். கணவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நர்ஸ் விரலை வைத்துக் காட்டினாள். அக்கா அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். நோயாளியே போட்டாலும் செல்லுமா என்று கேட்டாள். செல்லும் என்றதும், தானே போட்டாள். கீழே தேதியும் எழுதினாள். உள்ளே போவதற்கு முன்னால் பேருந்து நிலையக் குரலில், "எல்லாரும் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க, நேரமாகும்" என்றாள். அந்தக் குரலில் நாங்கள் கேட்ட கடைசி வார்த்தைகள் அவை.

கட்டி நல்ல கட்டி. எண்பதில் ஒன்று. எடுத்திருக்கவே வேண்டாம். எடுத்ததில் நரம்பில் அடிபட்டுவிட்டது. அக்கா கண் விழித்து வாயைத் திறந்தபோது காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றாள். தகரத்தில் மணலைத் தேய்த்தது போல ஏதோ ஒரு சத்தம். அவளே பயந்து வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஆறு மாதத்தில் குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார். நர்ஸ் ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்து, ஒரு வாரத்துக்குப் பேச முயலக் கூடாது என்றாள்.

இரண்டாம் நாள் சித்தி வந்தார். அக்காவின் நெற்றியைத் தடவினார், கொஞ்சம் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நான் அப்பவே சொன்னேன். கத்தி வைக்காதீங்க, வைக்காதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். யார் பேச்சைக் கேட்டு அறுத்தீங்க?"

அத்தான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நான்தான் அத்தை. அவ வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் கட்டாயப்படுத்தி ஒத்துக்க வச்சேன்."

இவ்வளவு பெரிய பொய்யை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அக்கா கட்டில் கம்பியில் ஓங்கி அடித்தாள். நோட்டை இழுத்து, பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி எழுதி, சித்தியின் முகத்துக்கு நேராக நீட்டினாள். 'பொய். முடிவு என்னுடையது.'

"மயக்க மருந்து இன்னும் தெளியலை அத்தை. இப்படித்தான் ஏதாவது எழுதுறா" என்றார் அத்தான்.

அக்கா அந்தத் தாளைக் கிழித்து அவர் மேல் எறிந்தாள். அடுத்த தாளில் இன்னும் பெரிதாக எழுதினாள். 'கையெழுத்து நான் போட்டது. காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.' அடியில் மூன்று கோடு.

"போடச் சொன்னது நான்" என்றார் அத்தான்.

'இல்லை.'

"ஆமா."

'இல்லவே இல்லை.'

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவர் கத்த, ஒருவர் எழுத, ஒரு சண்டை நடப்பதை அவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். பழியைத் தள்ளிவிடுவதற்குச் சண்டை போடுகிறவர்களை எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகம் முழுக்க அவர்கள்தான். இவர்கள் இரண்டு பேரும் அதைப் பிடுங்கிக்கொள்வதற்குச் சண்டை போட்டார்கள். அத்தானுக்கு மூச்சு வாங்கியது. அக்காவுக்குக் கண்ணெல்லாம் சிவந்து, கோபம் பொங்கி வழிந்தது. குரல் போனதற்கு அவள் அதுவரை கோபப்படவில்லை. இப்போதுதான் பட்டாள்.

சித்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரைத் திட்டுவது என்று அவருக்கே பிடிபடவில்லை. கடைசியில் சுவரோரமாக நின்ற என்னைப் பார்த்தார். முகம் கனிந்தது.

"நீயாவது இதுல வாயைக் கொடுக்காம இருந்தியே. இந்த வீட்டுல உனக்கு ஒருத்தனுக்குத்தான் புத்தி இருக்கு" என்றார்.

அத்தான் சட்டென்று சண்டையை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தி சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் அறு என்றும் சொல்லவில்லை, அறுக்காதே என்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் என்னைக் கேட்டும் என் பெயர் எதிலும் வராது. எனக்கு அந்த இடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. வெட்கமாக இருந்தது என்று சொல்வதே சரி.

"அக்கா" என்றேன்.

அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அத்தான் மேல் அத்தனை கோபம் இருந்த அந்த முகத்தில், என்மேல் ஒரு துளிகூட இல்லை. கோபப்படுகிற மாதிரி நான் ஒன்றும் செய்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளி, உட்கார் என்று கையைக் காட்டினாள்.